ரிசோர்ஸ் குரூப்பில் போட்ட டேக் தானாகக் கீழே இறங்காது

தம்பி, மைக்ரோசொஃப்டின் கிளவுட் சேவையான அசூரில் ரிசோர்ஸ் குரூப்புக்கு (மெஷின், ஸ்டோரேஜ் போன்ற ரிசோர்ஸ்களைச் சேர்த்து வைக்கும் தொகுதிக்கு) ஒரு டேக் (பெயரும் மதிப்புமாக ஒட்டும் அடையாளச் சீட்டு) போட்டால் உள்ளே இருப்பவை எல்லாவற்றுக்கும் அது தானாக வந்துவிடும் என்று மேலே உள்ள பதிவில் எழுதியிருக்கிறீர்கள். ஹட்டன், நுவரெலியா பக்கப் பிள்ளைகள் பலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள். அப்படி வராது, குரூப்பின் டேக் குரூப்போடு நின்றுவிடும். லொறியில் தோட்டத்தின் பெயர் எழுதியிருந்தால் உள்ளே கிடக்கும் கொழுந்துச் சாக்குகளிலும் பெயர் விழுந்துவிடுமா?

பார்ப்பது லேசு. குரூப்புக்கு 'தோட்டம்: டிக்கோயா' என்று ஒரு டேக் போடுங்கள். பிறகு அதற்குள் இருக்கும் ஏதாவது ஒரு வேர்ச்சுவல் மெஷினையோ ஸ்டோரேஜ் அக்கவுண்டையோ திறந்து டேக்ஸ் பக்கத்தைப் பாருங்கள். அங்கே அது இருக்காது. இருந்தால், யாரோ ஏற்கெனவே அசூர் பொலிசி (விதிகளைத் தானாக அமுல்படுத்தும் வசதி) போட்டு வைத்திருக்கலாம், அல்லது அந்த ரிசோர்ஸிலேயே நேராக டேக் போட்டிருக்கலாம். குரூப்பின் டேக்கை உள்ளே இறக்க ஆயத்தப் பொலிசிகள் அங்கேயே உண்டு. ஆனால் பழைய ரிசோர்ஸ்களுக்கு ரெமிடியேஷன் டாஸ்க் (முன்பே இருப்பவற்றைப் பொலிசிக்கு ஏற்பத் திருத்தும் வேலை) ஒன்றையும் தனியே ஓட்ட வேண்டும்.

குழப்பம் அநேகமாக அசூரின் செலவுகளைக் காட்டும் கொஸ்ட் மெனேஜ்மன்டில் உள்ள டேக் இன்ஹெரிட்டன்ஸ் வசதியால் வந்திருக்கும். அது செலவுப் பதிவுகளில் மட்டும்தான் டேக்கைச் சேர்க்கும், ரிசோர்ஸைத் தொடாது.