கிழிந்த இறக்கையோடு ஒரு பட்டாம்பூச்சி

போன வாரம் இங்கே ஒரு பட்டாம்பூச்சிப் படம் போட்டிருந்தேன். பழுப்பு நிறம், அதுவும் வெளிறிப்போனது. ஒரு பக்கத்துப் பின்னிறக்கையில் பாதியைக் காணோம். நண்பர் ஒருவர் போன் செய்து, "வேற நல்ல படம் கிடைக்கலையா?" என்று கேட்டார். கிடைத்தது. வேண்டுமென்றுதான் இதைப் போட்டேன்.

பிரிட்டனின் மேட்டு நிலங்களில் ஆகஸ்ட் என்றால் ஹெதர் என்ற குட்டைப் புதர்ச்செடி பூப்பதுதான். சரிவு சரிவாக ஊதா. அதைப் படம் பிடிக்க வருகிறவர்களால் கார் நிறுத்தக்கூட இடம் இருக்காது. ஆனால் பூ, பூச்சி, பறவை என்று தேடிப் போகிறவர்களில் பலர் இந்த மாதத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பூவெல்லாம் விதையாகிவிட்டது, பறவை பாடாது, பட்டாம்பூச்சி நைந்துபோச்சு, மே ஜூனிலேயே வந்திருக்க வேண்டும் என்பார்கள். இந்தப் பேச்சை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

பறவை, பட்டாம்பூச்சிகளை அடையாளம் காட்டும் கையேடுகள்தான் நம்மை இப்படிப் பழக்கிவிட்டன என்று நினைக்கிறேன். அவற்றில் எல்லாமே கல்யாண ஆல்பம் மாதிரி. பட்டாம்பூச்சி அன்று காலைதான் கூட்டுப்புழுவிலிருந்து வந்ததுபோல இருக்கும். பறவை என்றால் ஒரு இறகு கலைந்திருக்காது. அந்தப் படங்களை மனதில் வைத்துக்கொண்டு ஆகஸ்டில் மலையேறினால் ஏமாற்றம்தான். நானே ஒருமுறை மெடோ பிரவுன் என்ற பழுப்புப் பட்டாம்பூச்சி ஒன்றை நைந்துபோன நிலையில் பார்த்துவிட்டு, ஏதோ அபூர்வம் கிடைத்துவிட்டது என்று அரை மணி நேரம் அதன் பின்னால் ஓடியிருக்கிறேன். அந்தப் பூச்சியைவிடச் சாதாரணமானது அங்கே வேறு இல்லை.

பட்டாம்பூச்சியின் இறக்கைக்கு ஆறும் தன்மை கிடையாது. உதிர்ந்த செதில் உதிர்ந்ததுதான், கிழிந்தது கிழிந்ததுதான். அதனால் அதற்கு நடந்ததெல்லாம் இறக்கையிலேயே நிற்கிறது. இரண்டு பின்னிறக்கைகளிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் வெட்டு இருந்தால், அது இறக்கையை மூடி உட்கார்ந்திருந்தபோது ஒரு பறவை கவ்வியிருக்கலாம். ஓரம் முழுக்கப் பிசிறு பிசிறாக இருந்தால் புல்லிலும் முள்ளிலும் உரசி உரசித் தேய்ந்தது. புத்தம்புதிய பூச்சியில் இப்படி எதையும் படிக்க முடியாது.

இந்த மாதத்தின் பூ எது என்று என்னைக் கேட்டால் ஹெதரைச் சொல்ல மாட்டேன். டெவில்ஸ் பிட் ஸ்கேபியஸ் என்று ஒன்று இருக்கிறது. நீலமும் ஊதாவும் கலந்த சின்ன உருண்டை, மெல்லிய நீளத் தண்டு. கிழங்கு பாதியில் கடித்துத் துப்பியதுபோல மொட்டையாக முடியும். சாத்தான் கடித்தது என்பது அந்த ஊர்க் கதை, பேரும் அப்படி வந்ததுதான். மற்ற பூக்கள் ஓயும்போதுதான் இது களைகட்டும். ஆடுகள் ஒட்ட மேய்ந்த சரிவில் தேடாதீர்கள். கற்சுவர் ஓரம், ஓடைக்கரை என்று ஆட்டு வாய் எட்டாத இடமாகப் பாருங்கள். இப்படி ஒரு திட்டில் கந்தலான மெடோ பிரவுனும் பளபளவென்று ஒரு பீகாக் பட்டாம்பூச்சியும் பக்கத்துப் பக்கத்தில் தேன் குடித்துக்கொண்டிருந்தன. முதலாவதற்குக் காலம் முடியப் போகிறது. பீகாக் அந்தக் கோடையில்தான் வெளியே வந்தது. எங்காவது பொந்தில் குளிர்காலத்தைத் தூங்கிக் கழித்துவிட்டு, அடுத்த வசந்தத்தில்தான் அது முட்டையிடும்.

அப்புறம் பறவைகள். பாடவில்லை என்பது உண்மைதான். குஞ்சு பொரிக்கும் வேலை முடிந்துவிட்டது, இறகு உதிர்ந்து புதிது முளைக்கும் நேரம். பறப்பதே பாடாக இருக்கும்போது புதருக்குள் அடங்கிக் கிடப்பதுதான் புத்தி. மேட்டு நிலத்தில் கூடு கட்டும் கர்லூ பறவைகள் பெரும்பாலும் கடலோரத்துக்கு இறங்கியிருக்கும். நடை தொடங்கும் பள்ளத்தாக்கில் பாருங்கள், அந்த வருடத்து ராபின் குஞ்சு பாதி புள்ளியும் பாதி சிவப்புமாக, சாயம் சரியாக ஏறாத துணிபோல உட்கார்ந்திருக்கும். வீட்டியர் என்ற சின்னப் பறவை புது இறகு போட்டுக்கொண்டுதான் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பும். தகைவிலான் பழைய இறகோடே போய், அங்கே மாற்றிக்கொள்ளும். வில்லோ வார்ப்ளர் என்ற குட்டிப் பறவை இருக்கிறதே, பத்து கிராம்கூடத் தேறாது, அது வருடத்தில் இரண்டு முறை மொத்த இறகையும் மாற்றுகிறது. இங்கே ஒரு தடவை, ஆப்பிரிக்காவில் ஒரு தடவை. ஏன் இந்த ஆடம்பரம் என்று எனக்குப் பொறாமைகூட உண்டு.

சரி, அந்தப் படத்துக்கு வருகிறேன். வடமேற்கு இங்கிலாந்தின் கம்ப்ரியாவில் ஸ்மார்டேல் கில் என்று ஒரு பள்ளத்தாக்கு, பழைய ரயில் பாதையை ஒட்டியது. ஸ்காட்ச் ஆர்கஸ் என்ற பட்டாம்பூச்சி ஸ்காட்லாந்தில் நிறைய உண்டு. இங்கிலாந்தில் அது மிஞ்சி நின்றது இந்தப் பள்ளத்தாக்கிலும் ஆர்ன்சைட் நாட் குன்றிலும்தான். ஆகஸ்ட்தான் அதன் மாதம். நான் போன அன்று மேகம். ஒன்றரை மணி நேரம் ஒன்றுமே இல்லை. திரும்பிவிடலாம் என்று பையை எடுத்தபோது வெயில் அடித்தது. இவ்வளவு நேரம் வெறும் புல்லாகத் தெரிந்த இடத்திலிருந்து பத்து, இருபது, அதற்கு மேல் எண்ண முடியவில்லை. கரும்பழுப்பு இறக்கைகள், ஆரஞ்சுப் பட்டை, அதற்குள் கண்ணெழுதியதுபோலப் புள்ளிகள். ஐந்து நிமிடம் இருக்கும், மறுபடி மேகம் வந்தது. அத்தனையும் புல்லுக்குள் விழுந்து மறைந்தன. வெயில் இல்லாவிட்டால் அது பெரும்பாலும் பறக்காது.

ஒன்று மட்டும் இறங்காமல் ஸ்கேபியஸ் பூவைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆரஞ்சுப் பட்டை வெளிறி, பின்னிறக்கை பாதி போய். நான் மண்டியிட்டு ஒரு சாண் தூரத்தில் போனைக் கொண்டுபோனேன். அது குடிப்பதை நிறுத்தவில்லை.