‘பாப்பியோன்’ எவ்வளவு உண்மை?
1973-இல் வெளிவந்த ‘பாப்பியோன்’ (பட்டாம்பூச்சி) என்ற சிறைத்தப்பல் படத்தில் காட்டப்படுவன யாவும், அதன் மூலநூலை எழுதிய முன்னாள் பிரெஞ்சுக் கைதி ஆன்ரி ஷாரியேர் நேரில் அனுபவித்தவையே என்று அப்படம் பற்றிய கட்டுரை ஒன்றில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. 1931-இல் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்று அவர் தென்னமெரிக்காவில் பிரான்சின் கைதிக் குடியேற்றமாக இருந்த பிரெஞ்சு கயானாவுக்கு அனுப்பப்பட்டதும், பின்னர் தப்பிப் படகில் கொலம்பியா வரை சென்று பிடிபட்டதும் உண்மை. ஆனால் தேங்காய் மூட்டையின்மேல் மிதந்து தப்பும் அந்தப் புகழ்பெற்ற முடிவு நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் சாத்தான் தீவு, தேசத்துரோகி என்று பொய்யாகத் தண்டிக்கப்பட்ட பிரெஞ்சு ராணுவ அதிகாரி டிரைஃபஸ் போன்ற அரசியல் கைதிகளுக்கென ஒதுக்கப்பட்ட இடம்; கொலைக் கைதியான ஷாரியேர் அங்கே இருந்தார் என்பதே ஐயத்துக்குரியது. 1969-இல் மூலநூல் வெளியான மறு ஆண்டே அதன் நம்பகத்தன்மையை மறுத்து பிரான்சிலேயே நூல்கள் வந்துவிட்டன. குமுதத்தில் ரா.கி. ரங்கராஜனின் தமிழாக்கத்தில் ‘பட்டாம்பூச்சி’யைப் படித்த நம் வாசகர்கள் பலர் அதை முழுமையான தன்வரலாறாகவே இன்றும் கருதுகிறார்கள். அப்படியானால் படமே பொய்யா என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். இல்லை, பிற கைதிகளின் அனுபவங்களையும் ஷாரியேர் தமதாக்கிக்கொண்டார் என்பதே பொதுவான குற்றச்சாட்டு, அந்தக் கொடுமைகள் நிகழவில்லை என்பதல்ல. கயானாச் சிறைத்தீவுகளுள் ஒன்றான புனித யோசேப்புத் தீவின் தனிமைச் சிறையில் பேசுவதற்கே தடை இருந்தது. எட்டாண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர், விடுதலைக்குப் பின்னும் வாழ்நாள் முழுவதும் கயானாவிலேயே தங்கவேண்டும் என்றது 1854-ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டம். எந்தத் திரைக்காட்சியையும்விட என்னை அதிகம் உலுக்கியது இந்தச் சட்டம்தான்.