ஒரு மணி நேரத்துக்கு 1,500 டாலர்

அலுவலக நண்பர் ஒருவர் அடுத்த வருடம் ருவாண்டா போய் மலைக் கொரில்லா பார்க்க ஆசைப்படுகிறார். அனுமதிச் சீட்டு ஆளுக்கு 1,500 டாலர், நம் காசில் ஒரு லட்சத்தைத் தாண்டும். கொரில்லாக்களோடு இருக்க விடுவதோ ஒரே ஒரு மணி நேரம். "பகல் கொள்ளையா இருக்கே, கேட்டா காட்டைக் காப்பாத்துறோம்னு சொல்றாங்க" என்று கொதித்தார்.

எனக்கு அந்த விலை தப்பாகப் படவில்லை. பூங்காவை ஒட்டி உருளைக்கிழங்கு போடும் விவசாயியிடம் அதில் எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதுதான் என்னை உறுத்தும் கேள்வி.

1969-இல் ருவாண்டா அரசு, கொரில்லாக்கள் வாழும் எரிமலைகள் தேசியப் பூங்காவில் சுமார் 10,000 ஹெக்டேரை, பூச்சிமருந்துக்கான பைரெத்ரம் பூ பயிரிட எடுத்துக்கொண்டது. பத்து வருடம் கழித்து, மாடு வளர்க்க இன்னொரு துண்டு வேண்டும் என்றது. அப்போது இந்தப் பூங்கா இருக்கும் விருங்கா எரிமலைத் தொடரில் மிஞ்சியிருந்தவை சுமார் 250 கொரில்லாக்கள். அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்த பில் வெபர், ஏமி வெடர் தம்பதி, மாட்டைவிடக் கொரில்லாவே அதிகம் சம்பாதித்துத் தரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பாதுகாப்புத் தொண்டு நிறுவனங்கள் சில சேர்ந்து 1979-இல் மலைக் கொரில்லாத் திட்டத்தைத் தொடங்கின. வேட்டைத் தடுப்பு ரோந்து, ஊர்மக்களுக்குக் கல்வி, சுற்றுலா என்று மூன்று வேலை. அதே மலைகளில் கொரில்லாக்களை ஆராய்ந்த டயான் ஃபாசிக்கு இந்தச் சுற்றுலா பிடிக்கவே இல்லை. அவர் பயந்ததில் நியாயமும் இருந்தது, அதற்குப் பிறகு வருகிறேன்.

பலன் கண்ணுக்குத் தெரிகிறது. 1981-இல் 254 ஆக இருந்த விருங்கா கொரில்லாக்கள் 2015-16 கணக்கெடுப்பில் 604. உகாண்டாவின் புவிண்டி காட்டையும் சேர்த்தால் இப்போது ஆயிரத்துக்கு மேல். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மனிதர்களுக்குப் பழக்கப்படுத்திய கூட்டங்கள்தான் பெருகின, பழக்கப்படாதவை அப்படிப் பெருகவில்லை. பழகிய கூட்டத்தைத் தேடித் தடம் பார்ப்பவர்கள் தினமும் காலையில் காட்டுக்குள் போகிறார்கள். குட்டியின் கையில் கண்ணி மாட்டியிருந்தால் அன்றே தெரிந்துவிடும், கால்நடை மருத்துவர் வந்து அறுத்து எடுப்பார். இப்படித் தினம் ஆள் போக வேண்டும் என்றால் அதற்குக் காசு வேண்டும், சீட்டின் விலை அங்கேதான் உதவுகிறது.

சரி, ஊருக்கு என்ன? ருவாண்டா 2005-இல் பூங்கா வருமானத்தில் 5 சதவீதத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஒதுக்கியது. 2017-இல் சீட்டு 750-லிருந்து 1,500 டாலராக ஏறியபோது அதை 10 சதவீதமாக்கியது. உகாண்டாவில் ஊருக்கு 20 சதவீதம் என்று சட்டமே இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது பூங்கா நுழைவுக் கட்டணத்தில் மட்டும் 20 சதவீதம். பெரிய பணம் இருப்பது கொரில்லாச் சீட்டில். அதிலிருந்து தனியாக ஒரு சிறு தொகைதான் ஊருக்கு வருகிறது. இது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை. யானையும் காட்டெருமையும் இறங்கி வந்து அழிப்பது அந்த ஊர்க்காரர்களின் வயலைத்தானே.

தொண்டு நிறுவனங்களின் உண்மையான வேலை இங்கேதான் என்று நினைக்கிறேன். ருவாண்டாவில் சபின்யோ எரிமலை அடிவாரத்தில் உள்ள சொகுசு விடுதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்க வனவிலங்கு அறக்கட்டளை கட்டுமானத்துக்குப் பணம் திரட்டிக் கொடுத்தது, விடுதியின் உரிமையாளர் ஊர்ச் சங்கம், நடத்துவது தனியார் நிறுவனம். விருந்தினர் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் சங்கத்துக்குக் கட்டணம் வந்தாக வேண்டும் என்பது ஒப்பந்தம். முதலாளியின் தயவில் கிடைக்கும் நன்கொடைக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். வக்கீல் வைத்து ஒப்பந்தம் எழுத ஏழை ஊருக்கு வழியில்லை, அதைச் செய்துகொடுத்ததுதான் பெரிய காரியம்.

ஆனால் சுற்றுலாவை மட்டுமே நம்பினால் என்ன ஆகும் என்பதைக் கொரோனா காட்டியது. 2020 மார்ச்சில் பூங்காக்கள் மூடப்பட்டன. ஜூன் மாதம் புவிண்டியில் ரஃபிக்கி என்ற வெள்ளிமுதுகு (முதுகு நரைத்த, வளர்ந்த) ஆண் கொரில்லா ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டது. பதினேழு பேர் கொண்ட கூட்டத்தின் தலைவன். சிறு விலங்குகளை வேட்டையாடப் போனவர், தற்காப்புக்காகக் குத்தினேன் என்றார். அவருக்கு 11 வருடச் சிறை. அந்தச் செய்தியைப் படித்தபோது ரஃபிக்கிக்காக எவ்வளவு வருத்தப்பட்டேனோ, காட்டுக்கு இறைச்சி தேடிப் போகும் குடும்பங்களை நினைத்தும் அவ்வளவு வருத்தப்பட்டேன்.

உகாண்டாவின் கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா ஸிகுசோகாவின் வழி அதனால்தான் எனக்குப் பிடிக்கிறது. 1996-இல் புவிண்டி கொரில்லாக்களுக்குச் சொறி வந்து ஒரு குட்டி இறந்தது, மனிதர்களிடமிருந்து ஒட்டிய நோய். ஃபாசி பயந்தது இதைத்தான். ஊர் ஆரோக்கியமாக இல்லாமல் கொரில்லா ஆரோக்கியமாக இருக்காது என்று புரிந்துகொண்டு, கிராமங்களின் சுகாதாரத்துக்கும் சேர்த்து அவர் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அப்புறம் அங்குள்ள விவசாயிகளிடம் காப்பிக்கொட்டையை நல்ல விலைக்கு வாங்கி விற்கவும் ஆரம்பித்தார். பயணிகள் வராத வருடத்திலும் காப்பிச் செடி காய்க்கும் அல்லவா.

பட்வா மக்களையும் சொல்லாமல் விட முடியாது. புவிண்டி 1991-இல் தேசியப் பூங்காவானபோது, தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டிலேயே வாழ்ந்தவர்கள் நிலமும் ஈட்டுத்தொகையும் இல்லாமல் வெளியேற்றப்பட்டார்கள். இன்று பயணிகளுக்கு முன் ஆடிக் காட்டிப் பிழைக்கிறவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். கொரில்லா எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லும் எந்த அமைப்பும் இந்தக் கடனையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நண்பரிடம், போய் வாருங்கள் என்றுதான் சொன்னேன். விடுதியைப் பதிவு செய்யும் முன் மின்னஞ்சலில் ஒன்றை மட்டும் கேட்கச் சொன்னேன்: ஓர் இரவுக்கு ஊர்ச் சங்கத்துக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள், அது ஒப்பந்தத்தில் இருக்கிறதா? அப்புறம், அன்று காலை சளியோ இருமலோ இருந்தால், 1,500 டாலர் போனாலும் பரவாயில்லை, மேலே ஏறாதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறேன்.