ஆளுயரக் கன்றுதான் வேணுமா?

நாங்கள் ஏழெட்டு வீட்டுத் தோட்டக்காரர் சேர்ந்து, நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு கன்று விற்பனை ஒன்று வைக்க இருக்கிறோம். என்ன கன்று என்பதில் சண்டை இல்லை. எந்த அளவுக் கன்று என்பதில்தான் இரண்டு கூட்டமும் பிளேன்ரீயோடு கலைந்தது. "ஆளுயரத்துக்கு வைத்தால்தான் சனம் நின்று பார்க்கும்" என்கிறார் ஒரு அண்ணை. நிற்கும்தான். நானும் நின்றவன்.

நாலு வருசத்துக்கு முன் ஆறடிக் கறுத்தக்கொழும்பான் மா ஒட்டுக்கன்று ஒன்றை வாங்கி, ஓட்டோவுக்கு வெளியே தலை நீட்டியபடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பையைக் கிழித்தால், வேர் அடியில் கயிற்றுப் பந்தாகச் சுற்றிக் கிடக்கிறது. பிரிக்கப் பயந்து அப்படியே நட்டுவிட்டேன். இரண்டு கோடை வாளி வாளியாக ஊற்றியும் ஒரு தளிர் இல்லை. பிறகு சோளகக் காற்றில் சாய்ந்தது. தூக்கிப் பார்த்தேன், வேர் இன்னும் அந்தப் பையின் வடிவத்திலேயே இருந்தது! அந்த மாவை நட்ட அதே கிழமை யோகட் கப்பிலிருந்து எடுத்து வைத்த சாணளவு மாதுளை இன்றைக்கு மதிலுக்கு மேலே நிற்கிறது.

எங்கள் வளவில் இரண்டடி தோண்டினாலே சுண்ணாம்புக்கல் தட்டும். பெரிய பைக்குக் குழி வெட்ட அலவாங்கு வேண்டும். சின்னக் கன்றென்றால் மண்வெட்டி போதும். ஐப்பசி, கார்த்திகை மாரி மழையே வேரைப் பிடிக்க வைத்துவிடும். சைக்கிளில் வருகிறவரும் நாலைந்து கொண்டுபோகலாம்.

அதற்காக எல்லாவற்றையும் கப்பில் விற்கச் சொல்லவில்லை. கறிவேப்பிலை முதல் வருசம் உயிரோடு இருக்கிறதா என்றே தெரியாமல் நிற்கும். அதை ஒரு அடியாவது வளர்த்துத்தான் கொடுக்க வேண்டும். மா, தேசி ஒட்டு என்றால் ஒட்டு நன்றாகப் பொருந்தி, அதற்கு மேல் வந்த தளிர் முற்றியிருக்க வேண்டும். ஆனால் இரண்டடிக்கு மேல் வேண்டாம். வல்லாரை, பொன்னாங்காணிக்குக் கப்பே அதிகம். அந்தூரியமும் ரோசாவும் வேறு கதை. விறாந்தைச் சாடியில் வைக்கத்தான் வாங்குகிறார்கள், நிறம் பார்க்காமல் யார் காசு கொடுப்பார்கள்? ஒரு பூவாவது விரிந்திருக்கட்டும்.

அண்ணைக்காக வாசலில் ஒரு ஆளுயர மாங்கன்று வைக்கச் சம்மதித்திருக்கிறேன், "விற்பனைக்கு அல்ல" என்று மட்டை கட்டி. முதல் அரை மணித்தியாலத்திலேயே அதை யாருக்காவது விற்றுவிடுவார், பாருங்கள்.