வாக்கெட், குக்கெட், வாஷெட்

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. வெள்ளைக்காரன் மாதிரிப் பேச வைப்பதாக ஆசை காட்டுகிறார்கள். அதெல்லாம் எதற்கு? வார்த்தையின் வால் எப்படி ஒலிக்கும் என்று ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு.

இறந்தகால வினைகளில் கடைசியில் வரும் ஈ, டி இருக்கிறதே, அதில் ஈ பெரும்பாலும் ஊமை. பிள்ளைகள் எழுத்துக்கூட்டி 'வாக்கெட்', 'குக்கெட்' என்கிறார்கள். வினை ட் ஒலியில் முடிந்தால்தான், அது 'பட்டு'வில் வரும் ட ஆனாலும் 'வண்டி'யில் வரும் ட ஆனாலும், 'இட்' என்று தனி அசை வரும்: வான்டிட், நீடிட். மற்றபடி அசை கூடவே கூடாது. வாக்ட், ஸ்டாப்ட், வாஷ்ட் இவற்றில் பட்டு ட. கால்ட், ஓபன்ட், ப்ளேய்ட் இவற்றில் வண்டி ட.

எது எங்கே என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். தொண்டையில் விரல் வைத்து வினையின் கடைசி ஒலியை மட்டும் சொல்லிப் பாருங்கள். அதிராவிட்டால் பட்டு, அதிர்ந்தால் வண்டி. கவனம், பார்க்க வேண்டியது எழுத்தையல்ல, ஒலியை. 'லாஃப்' எழுத்தில் ஜி, ஹெச் என்று முடிந்தாலும் காதில் ஃப்தான். அதனால் லாஃப்ட்.

இது நமக்கென்ன புதுசா? 'கும்பகோணம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் 'கு' அதிராது, நடுவில் வரும் 'கோ' அதிரும். எழுத்து என்னவோ ஒரே க-தான். இடம் பார்த்து ஒலியை மாற்றுவது நம் நாக்குக்குப் பிறவிப் பழக்கம். இங்கிலீஷ் என்றதும்தான் எழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

நேக்கிட், விக்கிட், சேக்ரிட் விதிவிலக்கு. அவை பெயரடைகள், அங்கே 'இட்' உண்டு.

இதைவிடப் பெரிய இடறல் அழுத்தம். எல்லா அசைக்கும் ஒரே எடை போட்டுப் பேசுவதால்தான் போன் இன்டர்வியூவில் எதிராளி 'பார்டன்?' என்கிறார். வால் மாறினால் பல சமயம் அழுத்தமும் நகரும். 'ஃபோட்டோகிராஃப்' சொல்லும்போது அழுத்தம் 'ஃபோ'வில். 'ஃபொடாகிரஃபி'யில் 'டா'வுக்குப் போய்விடும், 'ஃபொ' சுருங்கிவிடும். இக், இட்டி, ஷன் என்று முடிந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும்: 'இகானமி'யில் 'கா', 'எகனாமிக்'கில் 'நா'. 'பாலிடிக்ஸ்' மாதிரி அடங்காத சிலவும் உண்டு, அதில் முதல் அசைக்குத்தான் அழுத்தம்.

அகராதியில் உச்சரிப்புக் குறிப்பைப் பார்த்தால் மேலே ஒரு சின்ன நிமிர்ந்த கோடு இருக்கும். அதை அடுத்து வரும் அசையில்தான் அழுத்தம். புது வார்த்தைக்குப் பொருள் எழுதும்போது அந்தக் கோட்டையும் நோட்டில் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.