ரசீது கேட்டால் ஃபைன், கேட்காவிட்டால் 'பாத்துக்கலாம்'

ஐந்து நாளாகிவிட்டது, இன்னும் வயிறு எரிகிறது. 60 ரூபாயில் முடிய வேண்டிய பயணத்துக்கு 760 ரூபாய் அழுதேன், அது போகட்டும். மதுரை ஸ்டேஷன் வாசலில் நாலு பேர் பார்க்க என் அப்பத்தாவை ஓரமாக நிற்கச் சொன்னார்களே, பின்னால் வந்த ஒருத்தன் "வித்தவுட் போல" என்று சிரித்துக்கொண்டே போனானே, அதுதான் ஆறவில்லை. 74 வயசு. டீக்கடையில்கூடப் பாக்கி வைக்காத மனுசி. அதுவும் காசு கொடுத்துவிட்டு வந்த பிறகு!

ஞாயிற்றுக்கிழமை விருதுநகர்ப் பக்கம் ஒரு காதுகுத்து. சாயங்காலம் திரும்புகிறோம். பஸ் என்றால் அப்பத்தாவுக்கு ஏறினதுமே குமட்டும், முழங்காலை வேறு மடக்க முடியாது, அதனால் ரயில். எந்த ஸ்டேஷன், எந்த ரயில் என்றெல்லாம் கேட்காதீர்கள். எக்ஸ்பிரஸ் நிற்கிற ஊர்தான், ஆனால் கவுண்ட்டர் ஒன்றே ஒன்று. எனக்கு முன்னால் முப்பது பேர். உள்ளே இருந்தவர் பேப்பர் ரோல் மாட்டினார், மாட்டினார், மாட்டிக்கொண்டே இருந்தார். மாட்டி முடித்ததும் முதல் ஆள் 500 ரூபாய்த் தாளை நீட்ட, சில்லறைச் சண்டை தொடங்கியது. அதற்குள் வண்டி வருகிற அறிவிப்பு.

செயலியில் எடுத்திருக்கலாமே என்று ஒரு அறிவாளி இந்நேரம் கிளம்பியிருப்பார். ஐயா, ஸ்டேஷன் எல்லைக்குள் வந்துவிட்டால் செல்லில் நினைத்தபடி டிக்கெட் போட முடியாது. டிடிஆர் தலையைப் பார்த்ததும் டிக்கெட் போடுகிறவர்களைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது, அதில் எனக்குக் குறை இல்லை. உள்ளே நிற்கிறவர்கள் சுவரில் இருக்கிற க்யூஆரை ஸ்கேன் பண்ண வேண்டும். அன்றைக்கு அந்தச் சுவரில் இருந்த க்யூஆர் வெயிலில் வெளுத்து, அப்பத்தா கட்டியிருந்த சுங்குடிச் சேலை மாதிரிப் புள்ளி புள்ளியாக இருந்தது. மூன்று தடவை முயற்சி பண்ணினேன். சேலையை ஸ்கேன் பண்ணியிருந்தாலாவது ஏதாவது வந்திருக்கும்.

வண்டி வந்து நின்றது. பொதுப்பெட்டியில் கால் வைக்க இடமில்லை. ரிசர்வேஷன் பெட்டி வாசலில் டிடிஆர் நின்றார். ஓடிப்போய் நானே சொன்னேன், யாரும் என்னைப் பிடிக்கவில்லை. "சார், கவுண்ட்டர்ல கூட்டம், டிக்கெட் எடுக்க முடியல, வயசானவங்க கூட இருக்காங்க, மதுரைக்குத்தான்."

"ஏறுங்க ஏறுங்க, பாத்துக்கலாம்."

கும்பிடு போட்டுத்தான் ஏறினேன். வண்டி கிளம்பிப் பத்து நிமிசம் கழித்து வந்தார். ரெண்டு பேருக்கும் சேர்த்து 200 கேட்டார். ஜிபே பண்ணட்டுமா என்றேன். "கேஷா குடுங்க தம்பி." அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அதே பெட்டியில் வடை விற்றுக்கொண்டு போனவர் கழுத்தில்கூட க்யூஆர் அட்டை தொங்கியது. ரசீது என்று இழுத்தேன். "ரசீது போட்டா தலைக்கு 250 ஃபைன் சேர்ந்துதான் வரும், போடவா?" என்றார், ஏதோ எனக்கு உபகாரம் செய்கிற குரலில். அப்பத்தா என் தொடையைக் கிள்ளியது. "விடுய்யா, எடம் குடுத்திருக்காரு, நல்ல மனுசன்." கொடுத்துவிட்டேன். ஆமாம், நான்தான் கொடுத்தேன். இதை மறைத்துவிட்டுப் புலம்பினால் நானும் யோக்கியன் இல்லை.

திருப்பரங்குன்றம் தாண்டும்போது அப்பத்தா சன்னல் வழியாக மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அடுத்த கொஞ்ச நேரத்தில் மதுரை. வெளியே போகிற வழியில் டிக்கெட் சோதிக்கிற ஸ்குவாடு.

டிக்கெட் கேட்டது ஒரு அம்மா. வண்டியில் டிடிஆரிடம் பணம் கொடுத்துவிட்டோம் என்றேன். ரசீது எங்கே என்றார். இல்லை. "ரசீது இல்லாம நீங்க யார்ட்ட குடுத்தீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. அப்பத்தாதான் பதில் சொன்னது: "தாயி, அந்த முருகன் சாட்சியாக் குடுத்தோம்." அந்த அம்மா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை, அப்பத்தா உட்கார ஒரு நாற்காலி கேட்டு வாங்கிக் கொடுத்தார். வண்டி புறப்பட்ட ஊரிலிருந்தே கட்டணம் போட அவருக்கு இடமிருந்தது, போடவில்லை, நாங்கள் ஏறின ஊரிலிருந்துதான் போட்டார். ஆளுக்கு 30 டிக்கெட், 250 ஃபைன், ரெண்டு பேருக்கு 560. மெஷினில் தட்டி ரசீது கொடுத்தார். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அதனாலேயே இன்னும் எரிச்சல்.

வண்டி இன்னும் நிற்கிறதே என்று அப்பத்தாவை அங்கேயே உட்காரவைத்துவிட்டு ஓடினேன். அதே டிடிஆர், அதே வாசல். "சார், வெளிய பிடிச்சுட்டாங்க, நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க." தலையைத் தூக்கிப் பார்த்தார். "யாரு நீங்க?"

யாரு நீங்க! அரை மணி நேரம் முன்னால் தம்பி, இப்போது யாரு நீங்க. வண்டி நகர்ந்தது, அவரும் நகர்ந்தார்.

ராத்திரி தூக்கம் வராமல் சட்டத்தைத் தேடிப் படித்தேன். ரயில்வே சட்டம் 1989, 138வது பிரிவு. டிக்கெட் இல்லாவிட்டால் கட்டணத்தோடு கூடுதலாக இன்னொரு மடங்கு அல்லது 250 ரூபாய், இதில் எது அதிகமோ அது. சென்னை வரை போகிறவருக்கு 250 பெரிய அடி இல்லை. திருமங்கலத்திலோ விருதுநகரிலோ ஏறி மதுரையில் இறங்குகிறவருக்கு 30 ரூபாய் 280 ஆகிறது. முப்பதுக்கும் இருநூற்றெண்பதுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் பாருங்கள், அந்தப் பள்ளத்தில் நின்றுகொண்டுதான் ஒருத்தர் "நூறு குடுங்க போதும்" என்கிறார். நமக்கு 180 மிச்சம், அவருக்கு 100 லாபம், நஷ்டப்பட்டது யார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஃபைன் என்று ஒன்று இருப்பதே அவருக்கு முதலீடு.

இதைவிட எரிச்சல் 55வது பிரிவைப் படித்தபோது வந்தது. டிக்கெட் எடுக்க முடியாதவர் ஏறுவதற்கு முன்னால் ரயில்வே ஊழியரிடம் அனுமதி கேட்கலாம். அவர் அனுமதித்தால், பிறகு கட்டணம் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சாதாரணமாக ஒரு சான்று எழுதித் தர வேண்டும். அந்தச் சான்று கையில் இருந்தால் கூடுதல் பணம் கிடையாது, வெறும் டிக்கெட் காசுதான். அதாவது நான் செய்தது முக்கால்வாசி சரி. ஓடிப்போய்க் கேட்டேன், அவரும் ஏறுங்க என்றார். அந்த 'ஏறுங்க'வை ஒரு தாளில் எழுதியிருந்தால் எனக்கு 60 ரூபாயில் முடிந்திருக்கும். இதை எந்த ஸ்டேஷன் சுவரிலாவது எழுதிப் போட்டிருக்கிறார்களா? டிக்கெட் இல்லாமல் பயணம் செய்வது குற்றம் என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா ஒன்று சொன்னது. "டவுன் பஸ்ல காசே வாங்குறதில்ல, அதுக்கே கண்டக்டரு ஒரு சீட்டக் கிழிச்சுக் கையில குடுக்குறான். இவென் எரநூறு வாங்கிட்டு ஒரு துண்டுச் சீட்டுக் குடுக்கலையேய்யா." 2020 மார்ச்சில் ரயிலில் மூத்த குடிமக்கள் சலுகையை எடுத்தபோதுகூட அப்பத்தா இந்தத் திட்டுத் திட்டவில்லை.

ஆபீசில் சொன்னால், "டிக்கெட் எடுக்காம ஏறுனது தப்புதான?" என்கிறான் ஒருத்தன். தப்புதான்யா. அதற்குத்தான் 560 கட்டி ரசீது வைத்திருக்கிறேன். நான் கேட்பது இன்னொரு 200ஐப் பற்றி. அது டிக்கெட் காசா, ஃபைனா, அன்பளிப்பா? டிக்கெட் பரிசோதகர்கள் டியூட்டிக்கு வரும்போது சொந்தப் பணம் எவ்வளவு இருக்கிறது என்று எழுதிக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. அப்படியானால் என் 200 அன்றைக்கு எந்தப் பாக்கெட்டில் போனது, எந்தக் கணக்கில் நின்றது? இன்னொருத்தர், வயதில் மூத்தவர், "100 ரூவாயோட விட்டாரேன்னு சந்தோசப்படு" என்றார். இவர்களை வைத்துக்கொண்டு எங்கே உருப்படுவது.

சரி, புகார் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தால் அங்கே இன்னொரு முடிச்சு. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுத்தவனும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். என்னை யார் கட்டாயப்படுத்தியது? கழுத்தில் கத்தி வைக்கவில்லையே, "போடவா?" என்றுதானே கேட்டார். 280ஐக் காட்டி 100 கேட்பது கட்டாயமா இல்லையா என்று எந்த வக்கீலைக் கேட்பது?

இருந்தாலும் நேற்று ராத்திரி எழுதினேன். ரயில்வே புகார்ப் பக்கம் எடுத்த எடுப்பில் பிஎன்ஆர் நம்பர் கேட்கிறது, இல்லையென்றால் டிக்கெட் நம்பர். டிக்கெட்டே இல்லாதவனிடம் எந்த நம்பர் இருக்கும்? கடைசியில் ஃபைன் ரசீதைத் தேடினால் காணோம். அப்பத்தா அதைச் சுருக்குப்பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்தது, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவதற்காக. வாங்கி நம்பரை எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல அந்த எரநூறையும் சேத்து எழுதித் தரச் சொல்லுய்யா" என்கிறது.