யாழ்ப்பாணத்து மண்டைதீவுப் பக்கம் பறவை எண்ணப் போகிறவர்களுக்கு

ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் பாடசாலைப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். கட்டாயம் சேர்க்க வேண்டும், ஆனால் முறையைச் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்.

காலை வெயில் முதுகில் படும்படி நிற்க வேண்டும். எதிர்வெயிலில் ஊசிவால் வாத்தும் நாமத்தலை வாத்தும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். வெயில் ஏறினால் கடனீரேரிக்கு மேல் கானல் அசையும். தூரத்துக் கூட்டத்தை எண்ணவே இயலாது.

பெரிய கூட்டமென்றால் முதலில் 10 பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவை தொலைநோக்கியில் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று வடிவாகப் பாருங்கள். பிறகு அந்த அளவைப் பத்து மடங்காக்கி நூறு நூறாகத் தாண்டலாம். கூட்டம் நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் ஐதாகவும் இருக்கும். ஓரத்து அளவையே நடுவுக்கும் போட்டால் தொகை நன்றாகக் குறைந்துவிடும். புதியவர்கள் பிழைவிடுவது பெரும்பாலும் இதில்தான். ஒருவர் கண்ணெடுக்காமல் எண்ண, மற்றவர் நேரத்தையும் சேர்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். செம்பருந்து கலைத்த கூட்டம் எந்தப் பக்கம் போய் இறங்கியது என்பதையும் குறியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த இடத்தில் நிற்பவர்கள் அதையே திரும்ப எண்ணுவார்கள்.

தயவுசெய்து படம் எடுப்பதற்காகப் பிள்ளைகளைப் பூநாரைகளுக்குக் கிட்டப் போக விடாதீர்கள். மேய்வதை விட்டுத் தலை நிமிர்த்தி எல்லாம் ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால், அந்த இடத்திலேயே நின்று மெல்லப் பின்வாங்குங்கள்.